ஏலக்காய் ஸ்டோரில் சிக்னல் போனால்

தேனி மாவட்டத்தில் வீட்டைச் சூடாக்கும் கருவி விற்று யாரும் பிழைக்க முடியாது. கம்பத்திலும் சின்னமனூரிலும் வீட்டுக்கு வேண்டியது மின்விசிறி. மார்கழிப் பனிக்கும் ஒரு போர்வை போதும். ஆனால் கம்பம்மெட்டு வழியாகவோ போடிமெட்டு வழியாகவோ மலையேறி ஏலத்தோட்டங்களுக்குள் நுழைந்தால், காய் எடுப்புக் காலத்தில் இரவு பகலாகச் சூடேற்றப்படும் கட்டடங்களைப் பார்க்கலாம். அவற்றுக்குள் யாரும் குடியிருப்பதில்லை. அடுக்கடுக்கான தட்டுகளில் பச்சை ஏலக்காய் பரப்பியிருக்கும். இந்தப் பக்கத்தில் அதற்குப் பெயர் ஸ்டோர்.

தோட்டம் இருப்பது கேரளத்து இடுக்கி மாவட்டத்தில். தோட்டக்காரர்களில் பலர் இருப்பது கம்பத்தில், உத்தமபாளையத்தில், போடியில். வேலையாட்கள் விடியுமுன் ஜீப்பில் ஏறிப்போய் மாலையில் இறங்குகிறார்கள். காய்ந்த சரக்கு மலையிறங்கி போடிநாயக்கனூரில் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலத்துக்கு வருகிறது. ஆக, அடுப்பு எரிவது ஓரிடம், அதைப் பற்றிக் கவலைப்படுபவர் தூங்குவது வேறிடம். நடு இரவில் இப்படி ஒரு போன் வரும்:

"அண்ணே, உள்ள இருக்குற மீட்டர்ல நம்பர் தெரியுது. வெளிய பெட்டியில கோடு கோடாத்தான் வருது. புளோயர் பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கு. நிறுத்தவா, விடவா?"

லண்டனிலோ டொரண்டோவிலோ இருக்கும் நம்மூர்க்காரர்களுக்கும் இந்தக் கோடுகள் பழக்கமானவை. அங்கே வரவேற்பறைச் சுவரில் ஒரு சிறிய பெட்டி இருக்கும். அது அறையின் வெப்பத்தை அளந்து, சமையலறை மூலையில் உள்ள பாய்லருக்கு ரேடியோ அலையில் சொல்லும். கம்பியில்லாத் தெர்மோஸ்டாட் என்பது அவ்வளவுதான். பனி கொட்டும் இரவில் அந்தப் பேச்சு அறுந்துபோனால் வீடு விறைக்கும். ஏலக்காய் ஸ்டோரில் அறுந்தால் சரக்கு கெடும். இரண்டு இடத்திலும் கோளாறு ஒன்றே, அதைத் தேடும் வழியும் ஒன்றே. ஸ்டோரில் தேடுவது இன்னும் கடினம் என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். அங்கே கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கு லண்டன் பாய்லர் பெரிய விஷயமாக இருக்காது.

ஐந்து டிகிரியின் விலை

முதலில், எதற்காக இவ்வளவு கவலை?

பறித்த ஏலக்காயின் எடையில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். அதைப் பத்து சதவீத அளவுக்குக் கொண்டுவர வேண்டும். ஐந்து கிலோ பச்சைக்காய் சுமார் ஒரு கிலோ உலர்காயாகும். 500 கிலோ காயை ஒரு ஸ்டோரில் ஏற்றினால் ஏறக்குறைய 400 லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறியாக வேண்டும். அந்த நீரை ஆவியாக்குவதற்கு மட்டும் செலவாகும் வெப்பம் கிட்டத்தட்ட 270 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். சுவர் வழியாகவும் புகைபோக்கி வழியாகவும் வீணாவது தனிக்கணக்கு.

வேகமாக உலர்த்தினால் என்ன? அங்கேதான் சிக்கல். ஏலக்காயின் பச்சை நிறம் குளோரோஃபில் தந்தது. அந்த மூலக்கூறின் நடுவில் ஒரு மக்னீசியம் அணு உட்கார்ந்திருக்கிறது. சூடும் காயிலுள்ள அமிலமும் சேர்ந்தால் மக்னீசியம் கழன்றுபோகும். மிஞ்சுவது பழுப்புப் பச்சையான ஃபியோஃபைட்டின். உலர்த்துமுன் காயை இரண்டு சதவீத வாஷிங் சோடாக் கரைசலில் பத்து நிமிடம் முக்கி எடுக்கும் வழக்கத்தின் வேதியியல் இதுதான்: காரம் அமிலத்தைத் தணிக்கிறது, மக்னீசியம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. மணத்தைத் தரும் சினியோலும் டெர்பினைல் அசிடேட்டும் எளிதில் ஆவியாகும் எண்ணெய்கள். சூடு கூடினால் நீரோடு அவையும் போகும், தோலும் வெடிக்கும். சூடு குறைந்தால் காய் ஈரத்திலேயே கிடந்து புளித்துப் பூஞ்சணம் பிடிக்கும். வெயிலில் போடலாமே என்றால், வெளிச்சமே பச்சையை வெளுக்கச் செய்துவிடும்.

ஆகவே 45 டிகிரிக்குக் குறையாமல், 50 டிகிரிக்கு மிஞ்சாமல், 18 மணி நேரம், 24 மணி நேரம், சில இடங்களில் அதற்கும் மேலே, காவல் இருக்க வேண்டியிருக்கிறது. முழு இரவையும் ஐந்து டிகிரி இடைவெளிக்குள் நிறுத்த வேண்டும். ஏலத்தில் காயைக் கையில் அள்ளிப் பார்ப்பவர்கள் முதலில் பார்ப்பது நிறத்தையும் பருமனையும்தான். 2018 கேரள வெள்ளத்துக்கும் அதையடுத்து வந்த வறட்சிக்கும் பிறகு, 2019 ஆகஸ்டில் இடுக்கி மாவட்டத்துப் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போனது. அந்த விலையில் ஒரு தட்டுக் காய் பழுப்பாகிப்போவது என்பது சில்லறை நஷ்டமல்ல.

இரண்டு மணிகள்

அறைக்கான மின்சாரத் தெர்மோஸ்டாட்டின் பிறப்பே ஒரு சிக்னல் பிரச்சினையில்தான். அமெரிக்காவின் விஸ்கான்சினில் வாரன் ஜான்சன் என்ற ஆசிரியர் இருந்தார். அவர் கல்லூரியில் வகுப்பறைகளைச் சூடாக்கும் உலை நிலவறையில் இருந்தது. பணியாளர் ஒவ்வொரு அறையாக ஏறிவந்து வெப்பத்தைப் பார்த்துவிட்டு, திரும்பவும் கீழே இறங்கிப்போய்க் காற்றுக் கதவைத் திருப்புவார். ஜான்சன் அறையில் ஒரு வெப்ப உணரியை வைத்து, கீழே ஒரு மணியை மாட்டி, நடுவில் கம்பி இழுத்தார். 1883-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அந்தக் கருவி அடுப்பை அணைக்கவில்லை, ஆளைக் கூப்பிட்டது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1886-இல், ஆல்பர்ட் பட்ஸ் என்பவர் அடுத்த படியை ஏறினார். அறை குளிர்ந்தால் நிலக்கரி உலையின் காற்றுக் கதவு தானே திறக்கும், சூடானால் தானே மூடும். பின்னாளில் ஹனிவெல் நிறுவனமாக வளர்ந்தது அந்தக் கதவுதான். விறகு எரியும் ஏலக்காய் ஸ்டோருக்கு இன்றைக்கும் வேண்டியது அதே கதவு. விறகை ஸ்விட்ச் போட்டு அணைக்க முடியாது. காற்றைக் கட்டுப்படுத்தினால்தான் தீ கட்டுப்படும்.

இன்னொரு மணி கல்கத்தாவில் ஒலித்தது. ஜகதீஷ் சந்திர போஸ் 1895 வாக்கில் டவுன் ஹாலில் கூடியிருந்தவர்கள் முன்னால், சுவர்களைத் தாண்டிப் போன கண்ணுக்குத் தெரியாத அலையால் தொலைவில் ஒரு மணியை அடிக்க வைத்தார். வெடிமருந்தையும் வெடிக்க வைத்தார். ஜான்சனின் மணிக்குக் கம்பி இருந்தது, போஸின் மணிக்கு இல்லை. இன்றைய கம்பியில்லாத் தெர்மோஸ்டாட் இந்த இரண்டு மணிகளின் பேரப்பிள்ளை.

ஸ்டோருக்குள் அதன் வேலை எளிது. உள்ளே தட்டுகளுக்கு நடுவே தொங்கும் அனுப்பி, சில நிமிடங்களுக்கு ஒருமுறை "இப்போது 47.5" என்று ஒரு சிறு செய்தியை அலையில் வீசும். வெளியே சுவரில் உள்ள ரிசீவர் அதைப் படித்து, ரிலே வழியாக, சூடான காற்றைத் தள்ளும் புளோயரையோ அடுப்பின் காற்றுக் கதவையோ இயக்கும். குறிப்பிட்ட நேரம் வரை செய்தி வராவிட்டால் திரையில் எண்ணுக்குப் பதில் கோடுகள் தோன்றும். அந்தக் கோடுகள் "கேட்கவில்லை" என்று மட்டுமே சொல்கின்றன. பேசுபவர் பேசவில்லையா, பேச்சு வழியில் கரைந்ததா, கேட்பவருக்குக் காது அடைத்துவிட்டதா என்பதை அவை சொல்வதில்லை. மூன்றில் எது என்று பிரித்தறிவதுதான் முழு வேலையும்.

தூரம் குற்றவாளி அல்ல

பெரும்பாலானோர் முதலில் சந்தேகப்படுவது தூரத்தை. அடுத்து மூடுபனியையும் மழையையும். இரண்டையும் கணக்கில் வைத்துப் பார்ப்போம்.

சாதாரண 433 மெகாஹெர்ட்ஸ் அனுப்பி ஒன்றின் திறன் 10 மில்லிவாட் என்று கொள்வோம். நல்ல ரிசீவர் ஒன்று, அந்த ஆற்றலில் லட்சம் கோடியில் ஒரு பங்கு வந்து சேர்ந்தாலும் செய்தியைப் படித்துவிடும். தடையில்லாத வெட்டவெளியில் தூரம் இரட்டித்தால் ஆற்றல் நான்கில் ஒன்றாகக் குறையும். இந்த விதியைப் போட்டுப் பார்த்தால், 20 மீட்டர் தள்ளியிருக்கும் ரிசீவருக்கு, அதற்குத் தேவையானதைப்போல் ஏறத்தாழ 80 லட்சம் மடங்கு ஆற்றல் போய்ச் சேர வேண்டும். ஸ்டோரின் உள்ளறைக்கும் வெளிச் சுவருக்கும் நடுவே 20 மீட்டர்கூட இல்லை. அப்படியிருந்தும் செய்தி சேரவில்லை என்றால், யாரோ 80 லட்சம் மடங்கை விழுங்கியிருக்கிறார்கள்.

மழைக்கும் மஞ்சுக்கும் அந்தத் தெம்பு கிடையாது. பத்தாயிரம் மெகாஹெர்ட்ஸுக்கு மேலே போனால்தான் மழைத்துளிகள் ரேடியோ அலையைக் கணிசமாகக் குறைக்கத் தொடங்கும். நம் கருவிகள் பேசுவது 433-லும், 865-க்கும் 868-க்கும் நடுவிலும், 2,400-லும். தென்மேற்குப் பருவமழை இரவில் சிக்னல் போகிறதென்றால் மழை அங்கே நேரடிக் குற்றவாளி அல்ல, உடந்தை. மின்சாரம் தடுமாறுகிறது, ஆன்டெனா இணைப்பில் நீர் இறங்குகிறது, இடி விழுகிறது.

அப்படியென்றால் விழுங்கியது யார்? அதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை போதும். வேறெதையும் தொடுவதற்கு முன்னால் அதைச் செய்யுங்கள். உள்ளே இருக்கும் அனுப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து ரிசீவருக்குப் பக்கத்தில், ஓரடி தூரத்தில் பிடியுங்கள். சில நிமிடம் பொறுங்கள். எண் வந்துவிட்டால் கருவிகள் இரண்டும் நலம், வழியில்தான் தடை. அங்கேயும் கோடுகளே வந்தால் வழியைக் குறை சொல்லிப் பயனில்லை. பேட்டரி, இணைப்பு, ரிசீவர் இவற்றில் ஒன்று கெட்டிருக்கிறது. ஆயிரம் ரூபாய்க் கருவிக்கும் லட்ச ரூபாய்க் கருவிக்கும் இது பொது. இதைச் செய்யாமல் ஆன்டெனா வாங்க மதுரைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

பக்கத்தில் வைத்தும் வரவில்லை என்றால் முதலில் பேட்டரி. "திரையில நம்பர் தெரியுதே, பேட்டரி நல்லாத்தான் இருக்கு" என்பது எல்லாரும் சொல்லும் வாதம். அது தவறு. எல்.சி.டி. திரைக்குத் தேவைப்படும் மின்னோட்டம் மைக்ரோ ஆம்பியர் கணக்கில்தான்; சாகக் கிடக்கும் பேட்டரிகூட அதைக் கொடுத்துவிடும். ரேடியோ செய்தி அனுப்பும் அந்த நொடிப்பொழுதில் மட்டும் பல மில்லி ஆம்பியர் வேண்டும். பழைய பேட்டரியின் உள்தடை ஏறியிருப்பதால் அந்தக் கணத்தில் மட்டும் மின்னழுத்தம் சரியும், ரேடியோ முடங்கும். அடுத்த கணம் அழுத்தம் மீண்டு, திரை ஒன்றும் நடவாததுபோல எண்ணைக் காட்டும். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தாலும் ஏமாறத்தான் வேண்டும், ஏனென்றால் சுமையில்லாமல் அளந்தால் நல்ல எண்தான் வரும். ரீசார்ஜ் பேட்டரி போடுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை: அதன் அழுத்தம் 1.5 வோல்ட் அல்ல, 1.2 வோல்ட். சில கருவிகள் அதைத் தொடக்கத்திலேயே தீர்ந்த பேட்டரியாக எண்ணிக்கொள்ளும்.

ஸ்டோரில் இதோடு வெப்பமும் சேர்கிறது. அல்கலைன் பேட்டரிகள் வேலைசெய்ய உற்பத்தியாளர்கள் குறிக்கும் மேல்வரம்பு பொதுவாக 54, 55 டிகிரி. நாம் அதை 50 டிகிரியில், ஆவி நிறைந்த அறையில், இரவு முழுக்கத் தொங்கவிடுகிறோம். வீட்டுச் சுவரில் ஓராண்டு உழைக்கும் பேட்டரி இங்கே அவ்வளவு காலம் உழைக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல. காய் எடுப்பின் ஒவ்வொரு சுற்றுக்கும் புதிய பேட்டரி போடுவது, ஒரு கிலோ ஏலக்காயின் விலையோடு ஒப்பிட்டால் செலவே இல்லை.

பேட்டரி புதிது, இருந்தும் வரவில்லை என்றால் இரண்டு பெட்டிகளும் ஒன்றையொன்று அறிந்துகொண்ட பதிவு (pairing) விட்டுப்போயிருக்கலாம். ஒவ்வொரு அனுப்பிக்கும் ஒரு அடையாள எண் உண்டு. ரிசீவர் அதை நினைவில் வைத்துக்கொண்டு அந்த எண்ணுக்கு மட்டும் காது கொடுக்கும். பக்கத்துத் தோட்டத்து ஸ்டோரின் வெப்பத்தைக் கேட்டு நம் புளோயர் ஓடாமல் இருப்பது அதனால்தான். நல்ல கருவிகள் மின்சாரம் போனாலும் அந்த எண்ணை மறப்பதில்லை. மலிவானவை சில மறக்கும். ரிசீவரில் உள்ள பொத்தானை விளக்கு மினுங்கும்வரை அழுத்திப்பிடித்து, அனுப்பியின் பேட்டரியைக் கழற்றி மாட்டினால் பெரும்பாலும் மறுபடி சேர்ந்துகொள்ளும்.

இரும்புப் பெட்டியும் ஈரக்காயும்

இப்போது வழியில் தடை என்று தெரிந்த நிலைக்கு வருவோம். சுவாரசியமான இயற்பியல் எல்லாம் இங்கேதான் இருக்கிறது.

நான் முதலில் பார்க்கச் சொல்வது ரிசீவர் எங்கே மாட்டியிருக்கிறது என்பதை. எலெக்ட்ரீஷியன் ஒழுங்கானவராக இருந்தால் ஆபத்து அதிகம்! அவர் கான்டாக்டர், ரிலே, ரிசீவர் எல்லாவற்றையும் ஒரே இரும்புப் பேனல் பெட்டிக்குள் அழகாக அடுக்கி, கதவைப் பூட்டிவிட்டிருப்பார். மைக்கேல் ஃபாரடே 1836-இல் உலோகத்தால் சுற்றிய 12 அடிக் கூண்டு ஒன்றைக் கட்டி, வெளியே பெரிய மின்பொறிகள் தெறிக்கும்போது தான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். உள்ளே இருந்த அவருடைய கருவிகளுக்கு வெளியே நடந்தது எதுவும் தெரியவில்லை. பேனல் பெட்டிக்குள் இருக்கும் ரிசீவரின் நிலையும் அதுதான். பெட்டியை விட்டு அதை வெளியே எடுத்து, மரச்சட்டத்தில் மாட்டினால் பாதிப் புகார்கள் அன்றைக்கே தீரும் என்பது என் கணிப்பு.

அனுப்பியின் பக்கமும் ஒரு கூண்டு உண்டு. தகரக் கூரை, சுவரின் உள்ளே வெப்பம் காக்க ஒட்டிய அலுமினியத் தாள், கம்பிவலை அடித்த தட்டுகள். வலையில் ஓட்டை இருக்கிறதே, அலை அதன் வழியாகப் போகாதா? ஓட்டை அலைநீளத்தைவிட மிகச் சிறிதாக இருந்தால் போகாது. 433 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 69 சென்டிமீட்டர், 866-இல் சுமார் 35, 2,400-இல் பன்னிரண்டரை. ஏலக்காய் விழாத அளவுக்குச் சிறிய கண்ணிகள் மூன்றுக்குமே சுவர்தான்.

அடுத்தது காயே. ரேடியோ அலையை விழுங்குவதில் தண்ணீருக்குத் தனித் திறமை உண்டு. 2,450 மெகாஹெர்ட்ஸில் வேலைசெய்யும் மைக்ரோவேவ் அடுப்பு முழுக்க அதை நம்பித்தான் இருக்கிறது. அதிர்வெண் ஏற ஏற இந்த வரம்பில் விழுங்கலும் ஏறும். ஆகவே வைஃபை, புளூடூத் வகைக் கருவிகள் ஈரக்காய்க்கு நடுவே சீக்கிரம் மூச்சுத் திணறும், 433 வகை சற்றுத் தாக்குப்பிடிக்கும். 400 லிட்டர் தண்ணீரைத் தட்டுகளில் பரப்பி அதன் நடுவே ஒரு சிறு ரேடியோவை வைத்திருக்கிறோம் என்பதை நினைத்துப் பாருங்கள். இதிலிருந்து ஒரு முடிவு தானாக விழுகிறது: காய் ஏற்றிய முதல் சில மணி நேரத்தில் சிக்னல் மோசமாக இருக்கும், ஈரம் போகப் போகத் தெளியும். "சாயங்காலம் கோடு கோடா வந்துச்சு, விடியக்காலம் தானா சரியாயிடுச்சு" என்றால் மாயம் எதுவும் இல்லை, காய் காய்ந்திருக்கிறது.

தானாகச் சரியாகும் இன்னொரு வகையும் உண்டு. உலோகத்தில் மோதித் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று கூடும் இடத்தில் சிக்னல் பலக்கும், ஒன்றையொன்று அழிக்கும் இடத்தில் அறவே செத்துவிடும். உயிருள்ள இடத்துக்கும் செத்த இடத்துக்கும் இடைவெளி அலைநீளத்தில் கால் பங்குதான்: 433-இல் சுமார் 17 சென்டிமீட்டர். ஆகவே ரிசீவரை ஒரு சாண் இடப்பக்கமோ வலப்பக்கமோ நகர்த்திப் பாருங்கள். கேலியாகத் தோன்றலாம், ஆனால் ஒரு சாண் நகர்வு ஆயிரம் மடங்கு ஆற்றலைத் திருப்பித் தரக்கூடும். இரண்டு ஆன்டெனாக்களும் ஒரே திசையில், இரண்டும் நிமிர்ந்து நிற்கட்டும். ஒன்று நிமிர்ந்தும் ஒன்று படுத்தும் இருந்தால் அதிலேயே பெரும்பங்கு போய்விடும்.

இரைச்சலைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீரபாண்டித் திருவிழாக் கூட்டத்தில் பக்கத்தில் நிற்பவர் சொல்வது கேட்காமல் போவது அவர் குரல் குறைந்ததால் அல்ல. புளோயர் மோட்டாரின் கான்டாக்டர் பொறி பறக்கும்போதும், மலிவான எல்.இ.டி. பல்பின் சர்க்யூட் வேலைசெய்யும்போதும் ரேடியோக் கூச்சல் எழுகிறது. புளோயர் நின்றிருக்கும்போது சிக்னல் வந்து, ஓடும்போது போனால் இதுதான் காரணம். ரிசீவரை மோட்டார் வயரிலிருந்து ஓரிரு மீட்டர் தள்ளிவையுங்கள்.

வெளிநாட்டு உறவினர் வாங்கிவரும் கருவிகளைப் பற்றிய எச்சரிக்கை ஒன்று இங்கே அவசியம். அமெரிக்காவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று திறந்துவிடப்பட்ட 915 மெகாஹெர்ட்ஸ் பகுதி இந்தியாவில் செல்போன்கள் பேசும் 900 பட்டையோடு ஓரளவு மோதுகிறது. இந்தியாவில் 2005-இல் திறந்துவிட்டது 865 முதல் 867 வரை. பிறகு அது 868 வரை நீட்டப்பட்டது. டெக்சாஸில் நன்றாக ஓடிய கருவி இடுக்கியின் வண்டன்மேட்டில் சரியாக ஓடவேண்டும் என்ற கட்டாயம் இல்லை, அதை ஓட்டுவது சட்டப்படி சரியும் அல்ல.

இவ்வளவையும் சொன்னபிறகு என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டோருக்குள் ரேடியோவை வைப்பதே வீண் வேலை. வெப்பத்தை உணரும் முனை மட்டும் உள்ளே இருக்கட்டும்; அதிலிருந்து இரண்டு மீட்டர் வயரைச் சுவர் ஓட்டை வழியாக வெளியே இழுத்து, ரேடியோவையும் பேட்டரியையும் வெளிச்சுவரில் மாட்டுங்கள். கூண்டு, ஈரம், பேட்டரிச் சூடு மூன்றும் ஒரே வயரில் ஒழிந்தன. உணர்முனைகள் நூறு டிகிரி தாண்டியும் தாங்கும். ஜான்சனின் கம்பி 1883-லிருந்து நன்றாகத்தான் வேலை செய்கிறது.

மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம்

ஸ்டோருக்கும் கம்பத்து வீட்டுக்கும் நடுவில் உள்ள தொடர்பு வேறு கதை. பள்ளத்தாக்கின் தரை கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர்; தோட்டங்கள் பெரும்பாலும் ஆயிரம் மீட்டரைச் சுற்றி, மலைமுகட்டுக்கு மேற்கே, கம்பத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத சரிவுகளில். பார்வைக்குத் தெரியாத இடத்துக்கு இவ்வளவு சிறிய அலைநீளங்கள் வளைந்து போவது அரிது. எனவே நேரடி ரேடியோவை மறந்துவிட்டு, சிம் கார்டு போட்ட பெட்டியைத்தான் நம்ப வேண்டும்.

பள்ளத்தாக்கு விவசாயிகளுக்கு இது புதிதல்ல. தோட்டத்து மோட்டாரை வீட்டிலிருந்தே போட்டு நிறுத்தும் செல்போன் ஸ்டார்ட்டர் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. வேளாண் பொறியியல் துறை அதற்கு மானியமும் கொடுக்கிறது. அதில் பழகிய பாடங்கள் இங்கேயும் பொருந்தும். சிம்மின் வேலிடிட்டி முடிந்திருக்கும், ரீசார்ஜ் செய்ய மறந்திருப்பார்கள். பெட்டிக்குள் இருப்பது 2ஜி மோடமாக இருக்கும், போட்ட சிம் 4ஜி மட்டுமே தரும் நிறுவனத்துடையதாக இருக்கும். அந்த இரண்டும் எந்நாளும் சேராது. எல்லை ஓரத்துத் தோட்டங்களில் கூடுதலாக ஒன்று: முகட்டில் நிற்கும் பெட்டிக்குத் தமிழ்நாட்டு டவரும் கேரளத்து டவரும் ஏறக்குறைய ஒரே பலத்தில் கேட்கும். அது இங்கும் அங்கும் மாறி மாறிப் பதிவுசெய்துகொண்டே இருக்கும். மாறும் இடைவெளியில் எச்சரிக்கைக் குறுஞ்செய்தி தவறும். திசை ஆன்டெனா ஒன்றை ஒரே டவரை நோக்கித் திருப்பிவைத்தால் இந்த ஊசலாட்டம் நிற்கும்.

நிறுத்தவா, விடவா

சிக்னல் என்றாவது ஒருநாள் போகத்தான் செய்யும். எத்தனை ஆன்டெனா மாற்றினாலும் அது போகும். ஆகவே "ஏன் போனது" என்ற கேள்வியைவிடப் பெரியது, போயிருக்கும் நேரத்தில் அடுப்பு என்ன செய்கிறது என்பது. கருவி வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் இதைக் கேட்பதில்லை, விற்கிறவர்களும் சொல்வதில்லை.

குளிர்நாட்டு வீடுகளில் இதற்கு விடை யோசித்து வைத்திருக்கிறார்கள். ரிசீவர் பாய்லரை அணைத்துவிட்டால் குழாயில் நீர் உறைந்து வெடிக்கலாம். ஓடவிட்டால் வீடு வெந்துபோகும். அதனால் சில ரிசீவர்கள், செய்தி நின்றுவிட்டால் மணிக்கு ஐந்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் பாய்லரை ஓட்டுகின்றன. வீடு சுகமாக இருக்காது, ஆனால் உறையாது.

ஏலக்காய்க்கு ஒரே விடை பொருந்தாது. முதல் ஆறேழு மணி நேரம் காய் நனைந்திருக்கிறது. ஆவியாகும் நீர் வெப்பத்தைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போவதால், அறைக்காற்று சற்று மிஞ்சினாலும் காயின் உடம்பு அவ்வளவு சூடாவதில்லை. அந்த நேரத்தில் புளோயரை நிறுத்தினால்தான் கேடு: ஆவி வெளியேறாமல் அறைக்குள்ளேயே தேங்கி, காய் அவியும். கடைசி மணி நேரங்களில் நிலைமை தலைகீழ். எடுத்துப்போக நீர் இல்லை; காற்றின் சூடு நேரே காய்க்குள் ஏறுகிறது; ஐந்து டிகிரி மிஞ்சினாலும் பச்சை போகும், மணம் போகும். அப்போது நிறுத்துவதே பாதுகாப்பு. ஆகவே இரவில் போன் செய்தவருக்குச் சொல்ல வேண்டிய பதில் காய் ஏற்றி எவ்வளவு நேரமாயிற்று என்பதைப் பொறுத்தது: ஈரமாக இருந்தால் விடு, காய்ந்துவிட்டிருந்தால் நிறுத்து, எதுவானாலும் உள்ளே போய்க் கண்ணாடித் தெர்மாமீட்டரைப் பார். நல்லவேளையாக, ஈரம் சிக்னலை அதிகம் விழுங்குவது முதல் கட்டத்தில்தான். அப்போது புளோயர் ஓடிக்கொண்டிருந்தால் இழப்பு குறைவு.

ரேடியோவை நம்பாத ஒரு காவலும் வேண்டும். வீட்டு கீசருக்குள் இருக்கும் கேப்பில்லரி தெர்மோஸ்டாட் போதும். அதற்குப் பேட்டரி வேண்டாம், சிக்னல் வேண்டாம். குழலுக்குள் இருக்கும் திரவம் சூட்டில் விரிந்து ஸ்விட்சைத் தள்ளும். அதை 60 டிகிரியில் வைத்து, கம்பி வழியாகவே காஸ் பர்னரையோ ஹீட்டரையோ துண்டிக்கும்படி மாட்டலாம். விறகு ஸ்டோரில் அதே ஸ்விட்ச், அடுப்பின் காற்றுக் கதவை மூடி, ஆவிச் சாளரத்தைத் திறந்து, மணியையும் அடிக்கட்டும்.

கம்பியில்லாக் கட்டுப்படுத்தி எதையும், ஸ்டோருக்கானாலும் வீட்டுக்கானாலும், வாங்குமுன் கடையிலேயே இதைச் செய்து பாருங்கள். இரண்டு பெட்டிகளையும் ஓடவிட்டு, அனுப்பியின் பேட்டரியைக் கழற்றுங்கள். ரிசீவரின் ரிலே அப்படியே நிற்கிறதா, அணைகிறதா, விட்டுவிட்டு ஓடுகிறதா, எத்தனை நிமிடம் கழித்து என்று குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை நிமிடம் என்பதையும், எந்த நிலைக்குப் போகவேண்டும் என்பதையும் நாமே அமைத்துக்கொள்ள வழியிருக்கிறதா என்று கேளுங்கள். கடைக்காரருக்கும் பதில் தெரியாது, கையேட்டிலும் எழுதவில்லை என்றால் அந்தக் கருவியை வாங்காதீர்கள்.